அடுத்த நாவல் அச்சில்

பதினெட்டுக் கிலோ.
இயற்பியல் இரண்டு பாகம், உயிரியல் நான்கு,
மூன்று வருடத்து மாதிரி வினாத்தாள் கட்டு.
மூன்று முறை எழுதியவன் நான்.
கலீம் பாய் தராசில் ஏற்றினார்.
கிலோ பன்னிரண்டு. இருநூற்றுப் பதினாறு.
அவர் வாய் திறக்குமுன் என் கணக்கு முடிந்திருந்தது:
ஒரு குவார்ட்டர், ஒரு தண்ணீர் பாக்கெட்,
உப்பு மிளகாய் போட்ட மாங்காய்க் கீற்று,
மீதிக்கு
வீட்டில் சொல்ல ஒரு பொய்.

தராசு ஆடாமலிருக்க அடியில்
ஒரு புத்தகம் முட்டுக் கொடுத்திருந்தது.
அட்டையில் வட்ட முத்திரை: முதல் பரிசு, 1984.
‘ஒரு நாற்காலிக்கான தேக்கு.’
எழுதியவர் ப. திம்மராயன்.
எந்தத் தமிழ் வகுப்பிலும் கேட்காத பெயர்.
“வேணும்னா எடு. செங்கல் வெச்சிக்கறேன்.
இருபது குடு.”
எடைக்குப் போட்டா நாலு ரூபா வராது பாய்.
“பரிசு வாங்கினது தம்பி.”

நூற்றுத் தொண்ணூற்றாறு.
இன்னும் போதும்.

கடைக்குப் போகும் வழியில்தான் பிரித்தேன்,
சேலம் சாலையில், ஏடிஎம் படிக்கட்டில்,
கண்ணாடிக்கு உள்ளேயிருந்து விழுந்த வெளிச்சத்தில்.

போச்சம்பள்ளிச் சந்தையில்
தேக்குப் பலகை தட்டித் தட்டிப் பார்க்கிறார் ஓர் அப்பா.
மகன் தாசில்தார் ஆனதும் உட்கார.
மகன் தேர்வுக் கட்டணத்தைச்
சாராயக் கடையில் கட்டுகிறான்.
பக்கம் தொண்ணூற்றொன்றில்
வாசற்படி தாண்டாமல் விழுந்து கிடக்கிறான்.
அப்பா திட்டவில்லை. எழுப்பக்கூட இல்லை.
கரிப்பெட்டியை ஊதிச் சூடாக்கி
அவனுடைய வெள்ளைச் சட்டையைத் தேய்க்கிறார்,
காலரை மட்டும் இரண்டு தடவை.
நாளைக்கு யாராவது கூப்பிட்டால்?

அங்கே நின்றுவிட்டேன்.

எங்கள் வீட்டு பீரோவுக்குப் பின்னால்
ஒரு பித்தளைப் பலகை இருக்கிறது.
என் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று வெட்டியது.
பெங்களூரா மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டுக்
கோச்சிங் பணம் கட்டிய அதே வாரம்
ஓசூரில் சொல்லிச் செய்தது.
சில இரவுகளில் சத்தம் கேட்கும்.
அப்பா புளி வைத்து அதைத் தேய்க்கிறார்.
நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து.

திம்மராயன் எங்கேயும் புத்தி சொல்லவில்லை.
காலை நடுக்கத்தை மட்டும் மூன்று பக்கம் எழுதுகிறார்.
டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனால் சிந்தும்,
அதனால் வாயை டம்ளருக்குக் கொண்டுபோகிறான் அவன்,
மாடு தொட்டியில் குனிவதுபோல்.
இது விசாரித்து எழுதியதில்லை.
எனக்குத் தெரியும்.

பின்னட்டையில் தபால்தலை அளவு முகம்.
கண்ணுக்குக் கீழே பை.
பட்டு வளர்ச்சித் துறையில் எழுத்தர்,
ஊர் காவேரிப்பட்டணம்,
இது முதல் நாவல்.
அதற்கும் கீழே, சாய்ந்த எழுத்தில்:
‘அடுத்த நாவல் அச்சில்.’

நாற்பது வருடமாக அச்சில்.
போனில் தேடினேன். அந்தப் பெயரில்
ஒரு அரிசி மண்டி வந்தது, ஒரு ரிக் லாரி வந்தது.

அந்தக் கடைசி வரி எனக்கு நல்ல பழக்கம்.
நான் அதை
‘நாளையிலிருந்து’ என்று சொல்வேன்.
அம்மாவிடம், போன மாதம்
வார்டில் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்த
என்னோடு படித்த பையனிடம்.

எதிரே ஷட்டர் இறங்கியது.
பத்து மணி.
நான் எதையும் விட்டுவிடவில்லை,
யாரும் தப்பாக எழுதிவிட வேண்டாம்.
கடை மூடிவிட்டது, அவ்வளவுதான்.
நாளை பன்னிரண்டு மணிக்குத் திறந்துவிடுவார்கள்.

நூறு ரூபாய்த் தாளை அடையாளத்துக்குச் செருகினேன்.
பழையபேட்டை தாண்டி நடந்தேன்.
இன்னும் அறுபத்திரண்டு பக்கம் இருக்கிறது.
அந்த நாற்காலியைச் செய்தார்களா,
செய்திருந்தால்
யார் உட்கார்ந்தது என்று தெரியவில்லை.